17 பிள்ளைகளும் ஒரு சானல் பாலமும்

வாசகர் கேள்வி:

ஐயா, கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் தாலுகாவில் ஒரு கிராமம் எங்களுடையது. மகள் படிக்கும் அரசு தொடக்கப் பள்ளியில் மேலாண்மைக் குழுத் தலைவியாக இருக்கிறேன். பள்ளியில் இப்போது 17 பிள்ளைகள். ஒன்றாம் வகுப்பில் 3, இரண்டில் 5, மூன்றில் 4, நாலில் 1, ஐந்தில் 4. டீச்சர்கள் இரண்டு பேர். சானலுக்கு (பாசனக் கால்வாய்க்கு) அந்தப் பக்கம் அரசு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அங்கே 68 பிள்ளைகள், அதில் ஐந்தாம் வகுப்பு வரை 38. போன் மேப்பில் 900 மீட்டர் காட்டுகிறது. எங்கள் கட்டடம் மழைக்கு ஒழுகுகிறது. பழுது பார்க்க 6 லட்சம் என்று மதிப்பீடு போட்டுவிட்டுப் போனார்கள், அப்புறம் ஒன்றும் நடக்கவில்லை. இப்போது, "இரண்டு பள்ளியையும் சேர்த்துவிடலாம், நீங்களே ஒரு தீர்மானம் போட்டுத் தாருங்கள்" என்று வாய்மொழியாகக் கேட்கிறார்கள். என் கணவர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்குப் பார்ப்பவர். டீச்சர் சம்பளம் மட்டும் வருடம் 17 லட்சம், ஒரு பிள்ளைக்கு ஒரு லட்சம், இது நியாயமா என்கிறார். ஊர்ப் பெரியவர்கள் காமராஜர் திறந்த பள்ளியை மூட விடமாட்டோம் என்கிறார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகள் எல்லாம் வேனில் போகிறார்கள். நான் என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

தீர்மானப் புத்தகத்தில் இப்போதைக்கு எதுவும் எழுத வேண்டாம். சேர்க்கலாம் என்றும் வேண்டாம், கூடாது என்றும் வேண்டாம். வெற்றுப் பக்கத்தை நீட்டி "கையெழுத்து மட்டும் போடுங்க, மேட்டரை அப்புறம் எழுதிக்கலாம்" என்றால் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். பள்ளியை மூடவோ இணைக்கவோ மேலாண்மைக் குழுவுக்கு அதிகாரம் கிடையாது. அது துறை எடுக்கிற முடிவு. ஆனால் "பெற்றோரே கேட்டுக்கொண்டார்கள்" என்று கோப்பில் ஒரு தாள் இருந்தால் மேலே இருப்பவர்களுக்குப் பெரிய நிம்மதி. உங்களிடம் கேட்பது அந்தத் தாளைத்தான். இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், உதவித் தொடக்கக் கல்வி அலுவலராக (இன்றைய வட்டாரக் கல்வி அலுவலர்) இருந்த காலத்தில் நானும் அப்படித் தாள் வாங்கியிருக்கிறேன். அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முதலில் உங்கள் கணவர் போட்ட கணக்கு. 17 லட்சத்தை 17ஆல் வகுத்தால் ஒரு லட்சம்தான், வகுத்தலில் தப்பில்லை. ஆனால் அவரிடம் இப்படிக் கேளுங்கள்: பள்ளியை மூடிய மறுமாதம் அந்த 17 லட்சத்தில் எவ்வளவு கஜானாவில் தங்கும்? இரண்டு டீச்சரையும் யாரும் வீட்டுக்கு அனுப்பப் போவதில்லை. உபரி என்று பட்டியலில் போட்டு, பணி நிரவலில் வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். சம்பளம் அவர்களோடேயே போகும், ஓய்வு பெறும் வரை போகும். போகிற இடத்தில் ஒரு காலியிடம் நிரம்பும் என்பதால், அங்கே புதிதாக ஆள் எடுக்கிற செலவு மிச்சமாகலாம். புதிய இடைநிலை ஆசிரியரின் அடிப்படைச் சம்பளம் 20,600 ரூபாயில் தொடங்குகிறது. ஆக, எல்லாம் ஒழுங்காக நடந்தால் மிச்சமாவது இரண்டு புது நியமனங்களின் செலவு, இப்போதைய சீனியர் சம்பளம் அல்ல. சத்துணவு அரிசியும் முட்டையும் பிள்ளையின் தலைக்கு உள்ள கணக்கு. பிள்ளை எங்கே உட்கார்ந்து சாப்பிட்டாலும் அந்தச் செலவு உண்டு. காலை உணவும் அப்படியே.

நாகர்கோவிலிலிருந்து பேச்சிப்பாறை போகிற பஸ்ஸில் கடைசி ஸ்டாப்பில் மூன்று பேர் இறங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். "மூன்று பேருக்காக ஒரு பஸ்ஸா" என்று அவர்களை முந்தின ஸ்டாப்பிலேயே இறக்கிவிட்டால் டிரைவர் சம்பளமா மிச்சம்? கொஞ்சம் டீசல் மிச்சம். மூன்று பேரும் மீதி தூரம் நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

மானியத்தையும் பாருங்கள். சமக்ர சிக்ஷா திட்டத்தில் வருடா வருடம் வருகிற ஒருங்கிணைந்த பள்ளி மானியம், 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு 10,000 ரூபாய், அதற்கு மேல் 100 வரை 25,000. இப்போது இரண்டு பள்ளிக்கும் சேர்த்து 35,000. சேர்த்துவிட்டால் 85 பிள்ளைகள், 25,000. உங்கள் பத்தாயிரம் போய்விடும். சின்னத் தொகைதான். ஆனால் சாக்பீஸ், ஃபினாயில், பல்பு, குழாய் ரிப்பேர் எல்லாம் அதிலிருந்துதான் என்பது உங்களுக்கே தெரியும். (2024-25இல் இந்தத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்குத் தர வேண்டிய 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்தி வைத்தபோது இந்த மாதிரிச் சில்லறைச் செலவுக்குத் தலைமையாசிரியர்கள் கைக்காசு போட்டதும் தெரியும்.)

அடுத்தது டீச்சர் எண்ணிக்கை. "சேர்த்தால் வகுப்புக்கு ஒரு டீச்சர் கிடைப்பார்" என்று உங்களிடம் சொல்லியிருப்பார்கள். எல்லாக் கூட்டத்திலும் சொல்வார்கள், நானும் சொல்லியிருக்கிறேன். 2009ஆம் வருடத்துக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஒன்று முதல் ஐந்து வரை 60 பிள்ளைகள் இருக்கும் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று பேர். 91 முதல் 120 வரை நாலு பேர். இப்போது உங்கள் 17 பிள்ளைக்கு 2 பேர், அங்கே 38 பிள்ளைக்கு 2 பேர். சேர்த்தால் 55. அறுபதைத் தாண்டவில்லை. எனவே 55 பிள்ளைக்கும் 2 பேர்தான், மீதி 2 பேர் உபரி. ஒரு பிள்ளைக்கு ஆகும் செலவு கட்டாயம் குறையும். ஒரு பிள்ளைக்குக் கிடைக்கிற டீச்சரும் அதே அளவுக்குக் குறைவார். உங்கள் பிள்ளைகளுக்கு மட்டுமில்லை, சானலுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கும் சேர்த்து. அந்தப் பள்ளியின் பெற்றோரிடம் யாராவது இதைச் சொன்னார்களா என்று விசாரியுங்கள். இணைப்பு என்றாலே மூடப்படுகிற பள்ளியைப் பற்றியே பேசிக்கொண்டிருப்போம். சேர்த்துக்கொள்கிற பள்ளியில் என்ன ஆகும் என்பதை யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு சின்ன சூட்சுமம் இருக்கிறது. பணியிட நிர்ணயம் ஆகஸ்ட் 1 நிலவரப்படி உள்ள பிள்ளைகளின் எண்ணிக்கையை வைத்துத்தான். 55ஓடு இன்னும் 6 பேர் சேர்ந்து 61 ஆகிவிட்டால் மூன்றாவது பணியிடத்தைக் கேட்க நியாயம் வந்துவிடுகிறது. அந்த ஆறு பேர் எங்கே இருக்கிறார்கள்? உங்கள் ஊர்ப் பெரியவர்கள் வீட்டிலிருந்து மஞ்சள் வேனில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, என் கதை.

பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். மேற்கே ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு ஊர். உங்களுடையதைப் போலவே ஒரு பள்ளி, 22 பிள்ளைகள். தூரம் குறைவுதான், பெற்றோர் தாளும் வாங்கியாகிவிட்டது, பக்கத்துப் பள்ளியோடு சேர்த்தோம். "இணைப்பு சுமுகமாக முடிந்தது" என்று நானே எழுதி அனுப்பினேன். ஜூன் மாதம் திறந்தபோது பக்கத்துப் பள்ளிக்கு வந்தவர்கள் 9 பேர். மற்றவர்கள் எங்கே? பாதிப் பேர் வேனில் ஏறிவிட்டார்கள், கையில் காசு இல்லாதவர்கள்கூடக் கடன் வாங்கி ஏற்றிவிட்டார்கள். சிலர் சபை நடத்துகிற எய்டட் பள்ளியில் சேர்ந்தார்கள். இரண்டு பையன்கள், அண்ணன் தம்பி, எங்கேயும் இல்லை. அம்மா அண்டியாபீஸில், அதாவது முந்திரி ஆலையில், வேலை, காலை ஏழு மணிக்கே போயாக வேண்டும். அப்பா ரப்பர் பால் வெட்டுக்கு விடியுமுன்னே போய்விடுவார். பழைய பள்ளி வீட்டு முற்றத்திலிருந்து பார்த்தால் தெரியும், தானாகவே ஓடிவிடுவார்கள். புதுப் பள்ளிக்குக் கொண்டுவிட ஆளில்லை. மூன்று வாரம் வீட்டுத் திண்ணையில் இருந்திருக்கிறார்கள், எங்கள் பதிவில் அவர்கள் "மாற்றப்பட்டவர்கள்".

அதற்குப் பிறகுதான் எனக்குப் புத்தி வந்து, ஜூலையில் ஒரு நாள் காலையில் அந்தப் பாதையில் நடந்தேன். கூட ஒரு இரண்டாம் வகுப்புப் பெண்பிள்ளை. இடவப்பாதி மழை அப்போதுதான் விட்டிருந்தது. முதுகில் பை, கையில் அவளைவிடப் பெரிய குடை. சானல் கரையில் ஓர் இடத்தில் மண் இடிந்து வழி ஒரு முழம்தான் இருந்தது. அங்கே அவள் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கையால் தாழம்புதரைப் பிடித்துக்கொண்டு, பக்கவாட்டில் நகர்ந்தாள். தண்ணீர் நிறைய ஓடிக்கொண்டிருந்தது. பாலம் கடந்தால் ரோடு. பாறைப்பொடி ஏற்றிய லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக கேரளத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அவள் ரோட்டோரத்தில் நின்றுவிட்டாள். "ஏன் மக்ளே நிக்கிய" என்றேன். "ஆராவது வருவாவ சார், அவிய கூட போவேன்" என்றாள். தினமும் அப்படித்தானாம். யாராவது வரும் வரை நிற்பது. பள்ளிக்குப் போய்ச் சேர 34 நிமிடம் ஆனது. திரும்பி நான் தனியாக நடந்தபோது 16 நிமிடம்.

தமிழ்நாட்டு விதியில் ஒன்று முதல் ஐந்து வகுப்புக்கு 1 கிலோமீட்டர் என்று இருப்பது நடக்கும் தூரம். மேப்பில் 900 மீட்டர் என்பது நேர்க்கோடா, ரோட்டு வழியா, சானல் பாலம் வழியா என்று பாருங்கள். அதைவிட நல்லது, ஒரு வேலை நாள் காலையில், உங்கள் பள்ளியிலேயே மிகச் சின்னப் பிள்ளையைக் கையைப் பிடிக்காமல் முன்னால் நடக்கவிட்டு, பின்னால் நீங்கள் போனில் நேரம் பார்த்துக்கொண்டு நடங்கள். எங்கெங்கே நிற்கிறது, எங்கே ஓரம் ஒதுங்குகிறது என்று எழுதி வையுங்கள், போட்டோவும் எடுங்கள். கட்டாயக் கல்விச் சட்டத்துக்கு மத்திய அரசு தந்த மாதிரி விதிகளிலேயே, வெள்ளம், மண்சரிவு, ரோடு இல்லாமை, வழியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஆபத்து என்று இருக்கிற இடங்களில் தூர வரம்பைக் குறைத்துத்தான் பள்ளி அமைக்க வேண்டும் என்று இருக்கிறது. "எங்களுக்கு இஷ்டமில்லை" என்று எழுதிக் கொடுக்கும் மனுவைவிட இந்த ஒரு பக்கக் குறிப்பு அலுவலகத்தில் நாலு மடங்கு வேலை செய்யும்.

இவ்வளவும் படித்துவிட்டு நான் இணைப்புக்கு எதிரி என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது 17 அல்ல, நாலாம் வகுப்பில் இருக்கும் அந்த 1. ஒரே ஒரு பையன். வாய்ப்பாடு ஒப்பிக்க ஜோடி இல்லை, அடித்துப் பிடித்து விளையாட ஆளில்லை. தப்பாகப் போட்ட கணக்கைப் பக்கத்தில் இருப்பவன் சிலேட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்ளவும் வழியில்லை. ஒன்று, இரண்டு, மூன்றாம் வகுப்புகளைக் கலந்து உட்கார வைப்பது பற்றி நான் கவலைப்பட மாட்டேன். செயல்வழிக் கற்றல் வந்த நாள் முதல் நமக்கு அது பழக்கம்தான். இப்போதைய எண்ணும் எழுத்தும் திட்டத்திலும் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை வாரியாகத்தான் பிரிக்கிறார்கள், வகுப்பு வாரியாக அல்ல. ஆனால் ஒன்பது வயதுப் பையனுக்கு ஒன்பது வயதுச் சேக்காளி வேண்டும். அது எந்த டீச்சராலும் தர முடியாத ஒன்று.

இரண்டு டீச்சர் என்பதும் தாளில்தான் இரண்டு. ஒருவர் பயிற்சிக்கு, ஒருவர் மருத்துவ விடுப்பில், வாக்காளர் பட்டியல் வேலைக்கு, எமிஸ் என்கிற துறை இணையதளத்தில் ஏற்ற வேண்டியதை ஏற்ற நெட் கிடைக்கிற இடம் தேடி என்று போய்விட்டால் அன்றைக்கு அது ஓராசிரியர் பள்ளி. ஆசிரியர் வருகைப் பதிவேட்டை வாங்கி, போன ஜூனிலிருந்து எத்தனை நாள் ஒரே டீச்சர் இருந்தார் என்று எண்ணுங்கள். வேலை நாட்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் என்றால், "நம்ம பள்ளியில் ஆளுக்குத் தனிக் கவனம்" என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி வெறும் பேச்சு. அப்போது என் சாய்வு இணைப்பின் பக்கம் கொஞ்சம் போகும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் உண்டு. 1964-66 கோத்தாரி கல்விக் குழுவே, பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் ஒன்றாகச் சேர்ந்து ஆசிரியரையும் பொருளையும் பகிர்ந்துகொள்ளலாம் என்று சொல்லியிருக்கிறது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடுகிற நம் குறுவள மையம் அந்த யோசனையின் நிழல்தான், கூட்டம் நடத்துவதோடு நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை மதியங்களில் உங்கள் நாலு, ஐந்து வகுப்புப் பிள்ளைகளை நடுநிலைப் பள்ளிக்கு விளையாட்டுக்கும் நூலகத்துக்கும் ஒரு டீச்சரோடு அனுப்ப வட்டாரக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கள். அந்த ஒற்றைப் பையனுக்கு இந்த வருடமே அது உதவும். பாதை எப்படி என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

இனி, உங்கள் முடிவைத் தீர்மானிக்கப் போகிற எண். ஐந்தாம் வகுப்பில் இருக்கும் 4 பேர் ஏப்ரலில் போய்விடுவார்கள், மிச்சம் 13. வருடத்துக்கு 2 பேர் மட்டும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்துகொண்டிருந்தால் ஐந்தாவது வருடம் பள்ளியில் மொத்தம் 10 பேர் இருப்பார்கள். வருடத்துக்கு 4 பேர் சேர்ந்தால் 20 பேர். இதற்கு ஜோசியம் வேண்டாம். இன்னும் ஐந்து வருடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு வரப்போகிற ஒவ்வொரு பிள்ளையும் இப்போதே பிறந்து உங்கள் ஊரில் தவழ்ந்துகொண்டோ ஓடிக்கொண்டோ இருக்கிறது. அங்கன்வாடிப் பதிவேட்டிலும் கிராம சுகாதாரச் செவிலியரின் பதிவேட்டிலும் பெயரோடு இருக்கும். உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுங்கள். பெயர், வயது, இப்போது காலையில் எங்கே போகிறது.

பட்டியல் சிறியதாக இருந்தால் திகைக்காதீர்கள். 2020ஆம் வருடக் கணக்குப்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.4 பிள்ளை. பள்ளி காலியாவதில் யார் குற்றமும் இல்லாத பங்கு ஒன்று இருக்கிறது. அதோடு நம் மாவட்டத்தில் பள்ளிகள் நெருக்கமாக இருப்பதற்கும் பழைய காரணம் உண்டு. மயிலாடியில் பாதிரியார் ரிங்கல்தௌபே தொடங்கியதிலிருந்து சபைகள் ஊருக்கு ஊர் திறந்தவை ஒரு பக்கம். கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று 1817இலேயே ராணி கௌரி பார்வதி பாய் உத்தரவு போட்ட திருவிதாங்கூர் திறந்தவை இன்னொரு பக்கம். மற்ற மாவட்டங்களில் ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று போர்டு தொங்கும்போது நம் ஊரில் அரசு தொடக்கப் பள்ளி என்று தொங்குவதும் அந்தக் காலத்து மிச்சம்தான். 2011இல் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடத்தில் நின்றோம். அந்தப் பள்ளிகளில் படித்து மேலே போனவர்களின் பிள்ளைகள்தான் இப்போது வேனில் போகிறார்கள்.

வேனைப் பற்றி ஒன்று. வீடு வீடாகப் போய் "ஒன்றாம் வகுப்பில் சேருங்கள்" என்று மே மாதம் கேட்பது வீண். மூன்றரை வயதில் எல்கேஜிக்கு வேன் ஏறின பிள்ளை ஐந்து வயதில் இறங்காது. முடிவு அங்கன்வாடி வாசலில் ஆகிவிடுகிறது. அங்கன்வாடி டீச்சரையும் உங்கள் பள்ளி டீச்சரையும் ஒரே பாயில் உட்கார வைத்து, இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கில எழுத்தும் பாட்டும் எப்படிச் சொல்லித் தரலாம் என்று பேசுங்கள். அடுத்த வருடச் சேர்க்கைக்கு நோட்டீஸ் அடிப்பதைவிட அது பயன். எய்டட் பள்ளிக்குப் போகிற பிள்ளைகளை இழுக்க வேண்டாம். அங்கேயும் ஒரு டீச்சர் வேலை ஆகஸ்ட் 1 கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது.

பட்டியல் வந்த பிறகு என் ஆலோசனை இதுதான். வருடத்துக்கு 4 பிள்ளை உறுதியாகத் தெரிகிறது, பாதையும் மோசம் என்றால், இணைப்பு வேண்டாம் என்று பட்டியலையும் பாதைக் குறிப்பையும் சேர்த்துத் தீர்மானம் போடுங்கள். ஒன்று, இரண்டுதான் தேறுகிறது என்றால், பூஜ்யம் ஆகும் வரை காத்திருக்காதீர்கள். 2019இல் ஒரு பிள்ளைகூட இல்லாமல் போன 46 பள்ளிகளை நூலகமாக மாற்றப்போவதாக அரசு சொன்னது. அந்த நிலைக்கு வந்த ஊரிடம் யாரும் நிபந்தனை கேட்பதில்லை. இப்போது உங்கள் கையில் 17 பிள்ளைகள் இருக்கிறார்கள், கேட்க முடியும்.

என்ன கேட்பது? இணைப்பு பள்ளி ஆண்டின் நடுவில் கூடாது, பிப்ரவரிக்குள் சொல்லி கோடை விடுமுறையில் முடிக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பழகிய ஒரு டீச்சர் ஒரு வருடமாவது கூடப் போக வேண்டும். பாலத்துக்குக் கைப்பிடிச் சுவரும், ரோடு கடக்க ஓர் ஆளும் பள்ளி திறக்கும் முதல் நாளே இருக்க வேண்டும், "பரிந்துரைக்கப்பட்டுள்ளது" என்ற தாள் போதாது. வாகனப் படியோ கூட்டிப்போகிறவருக்கான படியோ திட்டத்தில் உண்டு, அதை எழுத்தில் கேளுங்கள். எமிஸில் 17 பெயரும் காமன் பூலுக்கு (பள்ளி மாறுகிற பிள்ளைகளின் பொதுப் பட்டியலுக்கு) போன பின் புதுப் பள்ளியில் ஏற்றப்பட்டதா என்று பெயர் பெயராகப் பாருங்கள். நான் சொன்ன அந்த அண்ணன் தம்பி இரண்டு பேரும் அன்று தொலைந்தது இப்படிப் பதிவேட்டுக்கும் வகுப்புக்கும் நடுவில்தான்.

கட்டடத்தை இந்தப் பேச்சிலிருந்து பிரித்துவிடுங்கள். ஒழுகுவது வேறு, இடிவது வேறு. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதனால் உறுதித்தன்மைச் சான்றைத் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். ஆபத்து என்று வந்தால் மறுநாளே பிள்ளைகளை வேறு இடத்துக்கு மாற்றுங்கள், வாதாட வேண்டாம். ஆனால் உத்தரவில் "தற்காலிகமாக, இந்தத் தேதி வரை" என்று இருக்கட்டும். தேதியில்லாத தற்காலிகம்தான் நம் அலுவலகங்களில் நிரந்தரம். வெறும் ஒழுகல்தான் என்றால் 6 லட்சம் என்பதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். பதினைந்து வருடம் தாங்குகிற வேலை என்றால் வருடம் 40,000, இன்றைய 17 பிள்ளைக்குத் தலைக்கு மாதம் 200 ரூபாய்க்குக் கீழே. வேனுக்கு மாதம் எவ்வளவு கொடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டில் கேட்டு, உங்கள் கணவரிடம் அந்த வகுத்தலையும் போடச் சொல்லுங்கள். எம்எல்ஏ தொகுதி நிதி, பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம், 2022 டிசம்பரில் தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி என்று மூன்று கதவு இருக்கிறது. தட்டப் போகும்முன், மேலாண்மைக் குழுவே எழுதுகிற பள்ளி மேம்பாட்டுத் திட்ட அறிக்கையில் அந்த வேலை எழுதப்பட்டிருப்பது நல்லது. இருக்கிறதா என்று பாருங்கள். பல பள்ளிகளில் போன வருடத்து நகலை அப்படியே எழுதி வைத்திருப்பார்கள்.

பெரியவர்கள் பக்கம் வருவோம். அவர்களைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். ஊர் திரண்டால் நடக்கிறதும் உண்டு. 2016இல் கோழிக்கோடு மலாப்பறம்பில் எய்டட் பள்ளியை மூடுவதற்கு எதிராக ஊரே நின்றது, கேரள அரசு அதையும் வேறு மூன்று பள்ளிகளையும் தானே ஏற்றுக்கொண்டது. உங்கள் பெரியவர்களுக்குக் கூட்டத்தில் மரியாதையாக நாற்காலி போட்டு, பட்டியலை அவர்கள் கையிலேயே கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். தங்கள் பேரன் பேர் வரும்போது அவர்களே நிறுத்துவார்கள். அதற்கு மேல் நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

காமராஜர் விஷயத்தில் மட்டும் ஒரு திருத்தம், அதையும் மெதுவாகச் சொல்லுங்கள். சென்னை மாநிலத்தில் மூடப்பட்டிருந்த பள்ளிகளை அவர் திறந்தபோது நாம் அந்த மாநிலத்தில் இல்லை. 1956 நவம்பர் 1 வரை நம் நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில். உங்கள் பள்ளி எப்போது தொடங்கியது என்று அறிய, பீரோவில் அடியில் கிடக்கும் முதல் சேர்க்கைப் பதிவேட்டை எடுங்கள். நம் பக்கத்துப் பழைய பதிவேடுகளில் தேதி கொல்லம் ஆண்டில் இருக்கும், சிலதில் எழுத்தும் மலையாளத்தில். 1121 என்று கண்டால் பயப்படாதீர்கள், அது 1945-46. நிலம் யாராவது எழுதிக் கொடுத்ததா, "பள்ளிக்கு மட்டும்" என்று நிபந்தனை இருக்கிறதா என்பதையும் பத்திரத்தில் பாருங்கள். பள்ளி போனால் நிலம் யாருக்கு என்ற சண்டை பிள்ளைகள் போன மறுநாளே தொடங்கிவிடும்.

அந்தப் பதிவேடு பள்ளி இருந்தாலும் போனாலும் வேண்டும். பிறந்த தேதிக்கும் சாதிச் சான்றுக்கும் எழுபது எண்பது வயதுக்காரர்கள் இன்னும் அதைத் தேடி வருவார்கள். இணைப்பு நடந்தால் அது எண்ணிக்கை போட்டு, கையெழுத்து வாங்கி, நடுநிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். இப்போதைக்கு ஒரு கனமான பாலித்தீன் பையில் சுற்றி, கூரை ஒழுகாத மூலையில் வையுங்கள்.